ஆர்ப்பாட்டமும் பொலிஸின் நிதானமும்: ஓர் எளிய விளக்கம்

கோட்டை புகையிரத நிலையத்துக்கு முன்னாலோ லிப்டன் சுற்றுவட்டத்திலோ ஓர் ஆர்ப்பாட்டம் நடந்தால், அன்று மாலை வெள்ளவத்தையில் நாங்கள் தேநீர் குடிக்கும் கடையில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "பொலிஸ் பாத்துக்கொண்டு நிண்டது. முதலிலேயே நாலு போட்டிருந்தால் அடங்கியிருக்கும்" என்பது ஒரு கட்சி. "பொலிஸ் எண்டால் அடிக்கத்தானே செய்யும், இதில என்ன புதினம்" என்பது மற்றது. வாக்குவாதத்தைக் கேட்டால் இரண்டும் எதிரெதிர் போலத் தெரியும். ஆனால் இரண்டு பேரும் நம்புவது ஒன்றைத்தான்: பொலிஸிடம் இருப்பது இரண்டே வழி, ஒன்று அடிப்பது, மற்றது அடிக்காமல் நிற்பது.

நிதானம் என்ற சொல் செய்திகளில் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் அதை ஒரு நல்ல குணமாக, இரக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியரின் கை நடுங்காமல் இருப்பதை அவருடைய இரக்கம் என்று யாரும் சொல்வதில்லை. அது பழகிப் பழகி வந்த திறமை. பொலிஸின் நிதானமும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். அதற்குப் பின்னால் கூட்டத்தைப் பற்றிய அறிவு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது.

ஆடிவேல் தேரும் அதே பொலிஸாரும்

முதலில் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டு, காலி வீதி வழியாக பம்பலப்பிட்டிக்கு வருகிறது. வீதி நிறைய சனம். கைக்குழந்தைகள், வயதானவர்கள், கற்பூரச் சட்டி, மேளம். கொழும்பின் மிக நெருக்கடியான வீதி மணிக்கணக்கில் நகராது. ஆனாலும் தடி ஓங்கப்படுவதில்லை.

ஏன்? தேர் எந்த வழியாக வரும், எங்கே நிற்கும், எத்தனை மணிக்குக் கோயிலை அடையும் என்று அறங்காவலர்களோடு முன்கூட்டியே பேசியாயிற்று. வாகனங்களை எந்தக் குறுக்கு வீதியால் திருப்புவது என்பதும் முடிவாகிவிட்டது. கூட்டத்துக்குள் ஒருவர் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தால், இரண்டு பொலிஸாரும் நாலு தொண்டர்களும் அவரை மட்டும் ஓரமாகக் கூட்டிப் போவார்கள். ஒருவர் குடித்திருக்கிறார் என்று தேர்க்கூட்டம் முழுவதையும் கலைக்க யாருக்கும் தோன்றாது.

ஆர்ப்பாட்டம் இதைவிடக் கடினம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே கோபம் இருக்கிறது. அந்தக் கோபம் அரசாங்கத்தின் மேல். அரசாங்கத்தின் சீருடையோடு கண்ணுக்கு முன்னால் நிற்பவர் பொலிஸ்காரர். ஆகவே தேரோடு நடக்கும்போது இயல்பாக வரும் நிதானம் இங்கே தானாக வராது. அதைக் கற்றுத்தான் ஆகவேண்டும்.

கூட்டம் எப்படிக் கொதிக்கிறது

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் ஒரு கருத்து பரவியது. தனி ஆளாக இருக்கும்போது புத்தியோடு நடப்பவன் கூட்டத்தில் சேர்ந்தவுடன் புத்தியை இழந்துவிடுகிறான், மிருகமாகிவிடுகிறான் என்பது அந்தக் கருத்து. உலகத்தின் பல பொலிஸ் படைகள் கூட்டத்தைக் கையாளக் கற்றுக்கொண்டது இந்த நம்பிக்கையின் மேல்தான். மிருகத்தோடு பேசமுடியாது, ஆகவே விரட்டு.

1980களிலிருந்து உளவியலாளர்கள் உண்மையான கலவரங்களை ஒவ்வொரு கட்டமாக ஆராய்ந்தபோது வேறு ஒன்று தெரிந்தது. கூட்டத்தில் யாரும் புத்தியை இழப்பதில்லை. மாறுவது "நாங்கள் யார்" என்ற எண்ணம். இதைக் குழு அடையாளம் என்கிறார்கள்.

100ஆம் இலக்க பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். காலை எட்டு மணி, மிதிபலகை வரை சனம். கண்டக்டர் ஒரு பையனோடு மிச்சக்காசுக்காக வாய்த்தர்க்கம் செய்கிறார். மற்றவர்கள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சிலர் "தம்பி, விடும்" என்கிறார்கள். அந்த நேரம் சாரதி வேண்டுமென்றே பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். அப்புறம் பாருங்கள்: அதுவரை ஒருவரை ஒருவர் தெரியாத அறுபது பேர் ஒரே நொடியில் ஒரே கட்சி. அந்தப் பையன் இப்போது அவர்களுடைய ஆள்.

ஆர்ப்பாட்டத்திலும் இதுவேதான் நடக்கிறது. 500 பேர் கூடியிருக்கிறார்கள் என்று வையுங்கள். மாணவர்கள், தொழிற்சங்கத்தார், பிள்ளையைத் தேடும் தாய்மார், வேலை முடிந்து வழியில் நின்று பார்ப்பவர்கள். பத்துப் பேர் போத்தல் எறிகிறார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் "டேய், எறியாத" என்று அவர்களைத் தடுக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் பொலிஸ் 500 பேர் மேலும் பாய்ந்தால், தடுத்துக்கொண்டிருந்தவருக்கும் எறிந்தவருக்கும் ஒரே அடி விழுகிறது. அடி வாங்கியவருக்கு அந்தப் பத்துப் பேர் சொன்னது சரிபோலத் தோன்றத் தொடங்கும். பத்துப் பேரின் பிரச்சினை 500 பேரின் பிரச்சினை ஆகிவிடும். அதைச் செய்தது பொலிஸின் பாய்ச்சல்.

2004இல் போர்த்துக்கலில் ஐரோப்பிய உதைபந்தாட்டப் போட்டி நடந்தபோது இந்த ஆராய்ச்சியை நேரடியாகப் பயன்படுத்தினார்கள். இங்கிலாந்து ரசிகர்கள் வெளிநாடுகளில் கலாட்டா செய்வதில் பெயர் வாங்கியவர்கள். நகரங்களுக்குப் பொறுப்பான பொலிஸார் சாதாரணச் சீருடையில், இருவர் இருவராக ரசிகர்களுக்கு நடுவே நடந்தார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். கலகமடக்கும் பிரிவு கண்ணில் படாத இடத்தில் தயாராக இருந்தது. எல்லை மீறியவரை மட்டும் பிடித்தார்கள். அந்த நகரங்களில் பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. வேறொரு படையின் பொறுப்பில், பழைய முறைப்படி கையாளப்பட்ட அல்புஃபெய்ரா என்ற கடற்கரை ஊரில் மோதல் வெடித்தது.

சரி, இதுவரை பார்த்தது இதுதான்: கூட்டம் ஒரே உடம்பு கிடையாது. அதற்குள் அமைதியானவர்களும் இருக்கிறார்கள், ஆத்திரக்காரர்களும் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒன்றாக நடத்தினால் எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

இலங்கை அரசியலமைப்பின் 14(1)(ஆ) உறுப்புரை அமைதியாக ஒன்றுகூடும் உரிமையை ஒவ்வொரு பிரஜைக்கும் தருகிறது. 15ஆம் உறுப்புரை அதற்கு மட்டுப்பாடு விதிக்க இடம் தருகிறது, ஆனால் அது சட்டத்தின் மூலமே நடக்கவேண்டும். இதே உரிமை குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையிலும் இருக்கிறது. இலங்கை அதில் 1980இல் இணைந்தது.

அதிகம் குழம்பிப்போயிருக்கும் விஷயம் "அனுமதி". 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஊர்வலம் போவதற்கு ஆறு மணித்தியாலங்களுக்கு முன் பொலிஸுக்கு அறிவிக்கச் சொல்கிறது அது. அறிவிப்பது வேறு, அனுமதி கேட்பது வேறு. கல்யாண வீட்டுக்கு அழைப்பிதழ் கொடுப்பதும் கல்யாணம் செய்யலாமா என்று கேட்பதும் ஒன்றில்லையே.

இரண்டாவது குழப்பம், ஐந்து பேர் கூடினாலே குற்றம் என்பது. தண்டனைச் சட்டக்கோவையின் 138ஆம் பிரிவு சட்டவிரோத ஒன்றுகூடலுக்கு வரைவிலக்கணம் தருகிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வன்முறையால் ஒன்றைச் சாதிப்பது போன்ற சட்டவிரோதமான ஒரு பொது நோக்கத்தோடு கூடுவதுதான் அது. எண்ணிக்கை மட்டும் போதாது, நோக்கமும் வேண்டும். கலைக்கும் அதிகாரம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 95ஆம் பிரிவிலிருந்து வருகிறது. நீதவானோ, பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தரோ கலைந்துபோகும்படி முதலில் கட்டளையிட வேண்டும். கலையாவிட்டால், நியாயமான அளவுக்குத் தேவைப்படும் பலத்தைப் பயன்படுத்தலாம்.

அந்தக் கடைசி வரியில்தான் இரண்டு அளவுகோல்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று அவசியம்: வேறு வழி எதுவும் பலிக்காதபோது மட்டுமே பலம். மற்றது விகிதசமம்: தடுக்கவேண்டிய தீங்கைவிடப் பெரிய தீங்கைப் பலம் உண்டாக்கக்கூடாது. வீதி மறிக்கப்பட்டதால் வாகனங்கள் ஒரு மணிநேரம் காத்திருப்பது தொந்தரவுதான். ஒருவருடைய மண்டை உடைவது அதற்கு விகிதசமம் ஆகாது.

எங்கள் உயர் நீதிமன்றமே ஓர் அழகான தீர்ப்பைத் தந்திருக்கிறது. 1992இல் எதிர்க்கட்சியினர் "ஜன கோஷா" என்று, மேளம் அடித்து, மணி ஒலித்து, பாத்திரம் தட்டி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பொலிஸ் தடுத்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது. சத்தம் எழுப்புவதும் கருத்து வெளிப்பாடுதான், அரசாங்கத்தை விமர்சிப்பது உரிமை என்று 1993இல் தீர்ப்பு வந்தது.

புகை, தண்ணீர், தடி, துப்பாக்கி

கண்ணீர்ப்புகை, நீர்த்தாரை, குண்டாந்தடி, இறப்பர் குண்டு ஆகியவற்றை உயிராபத்துக் குறைந்த ஆயுதங்கள் என்கிறார்கள். "குறைந்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆபத்தே இல்லாதவை என்று யாரும் சொல்லவில்லை.

கண்ணீர்ப்புகையை எடுத்துக்கொள்வோம். பெயர்தான் புகை, உண்மையில் அது மிக நுண்ணிய தூள். கண், தொண்டை, நுரையீரலில் உள்ள வலி நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. ஆரோக்கியமான ஒருவர் திறந்த வெளியில் நின்றால் அரைமணிநேரத்துக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடுவார். தொய்வு உள்ளவர், குழந்தை, கர்ப்பிணி ஆகியோர் நிலை வேறு. ஆர்ப்பாட்டத்தோடு சம்பந்தமே இல்லாத வீட்டு யன்னலுக்குள்ளும் அது போகும். காலிமுகத்திடலில் நின்றவர்களுக்குத் தெரியும், கடற்காற்று அதை எந்தப் பக்கம் தள்ளும் என்பதைச் சுடுகிறவர்கூடத் தீர்மானிக்க முடியாது. போரில் இதைப் பயன்படுத்துவதை 1993ஆம் ஆண்டின் இரசாயன ஆயுத உடன்படிக்கை தடைசெய்கிறது, உள்நாட்டுக் கலகங்களை அடக்க மட்டும் விதிவிலக்குத் தருகிறது.

இதில் பயிற்சி எங்கே வருகிறது? எந்த இடத்தில் சுடக்கூடாது என்று தெரிந்திருப்பதில். கலைந்துபோ என்று சொன்னால் போக வழி இருக்கவேண்டும். அடைத்த இடத்தில் புகை அடித்தால் சனம் ஒரே வாசலுக்கு ஓடும். 2022 ஒக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் பகுதியில், கஞ்சுருஹான் உதைபந்தாட்ட மைதானத்துக்குள் பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. வாசல்களில் நசுங்கியும் மூச்சடைத்தும் 135 பேர் இறந்தார்கள்.

மற்றவற்றுக்கும் இப்படியே விதிகள் உண்டு. ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, தடியால் தலை, கழுத்து, முதுகெலும்பு, வயிறு ஆகிய இடங்களில் அடிக்கக்கூடாது. நீர்த்தாரையை மிக அருகிலிருந்து ஆளின் மேல் பீய்ச்சக்கூடாது.

துப்பாக்கியைப் பற்றிய விதி ஒன்றே ஒன்று. 1990இல் ஹவானாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஐ.நா. கோட்பாடுகளின்படி, யாருக்காவது உடனடி உயிராபத்தோ கடும் காயமோ ஏற்படும் என்றால், அதைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும் சுடலாம். கூட்டத்தைக் கலைப்பதற்காகச் சுடுவது என்ற ஒன்று கிடையாது. 2011 மே மாதம் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்த தொழிலாளர்கள் மீது பொலிஸ் சுட்டு ஓர் இளம் தொழிலாளி இறந்தார். 2022 ஏப்ரல் 19 அன்று ரம்புக்கனையில் எரிபொருளுக்காகத் தண்டவாளத்தை மறித்தவர்கள் மீது சுட்டு இன்னொருவர் இறந்தார்.

"வானத்தை நோக்கித்தானே சுட்டார்கள்" என்று சொல்பவர்களுக்கு நான் யாழ்ப்பாணத்தை நினைவூட்டுவேன். 1974 ஜனவரி 10, உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவு நாள். முற்றவெளியில் கூடியிருந்த சனத்துக்குள் பொலிஸ் புகுந்தது, புகை அடித்தது, சுட்டது. வானத்தை நோக்கிச் சுட்டதில் மின்கம்பி அறுந்து விழுந்து, மின்சாரம் தாக்கி மக்கள் செத்தார்கள். ஒன்பது பேரின் நினைவாக இன்றும் அங்கே தூண்கள் நிற்கின்றன. அது பாட்டும் பேச்சும் கேட்கப் பாய் விரித்து உட்கார்ந்திருந்த கூட்டம், ஆர்ப்பாட்டம்கூடக் கிடையாது.

சுருக்கமாக: ஒவ்வொரு கருவிக்கும் இடம், தூரம், நேரம் இருக்கிறது. அது தெரியாதவர் கையில் "குறைந்த" ஆபத்து முழு ஆபத்தாகிவிடும்.

கைகட்டி நிற்பது நிதானம் ஆகாது

இனி எதிர்ப்பக்கத்துத் தவறு. 2022 மே 9 அன்று பிரதமரின் இல்லமான அலரி மாளிகையில் கூட்டம் முடித்து வெளியே வந்த அரசாங்க ஆதரவாளர்கள், முதலில் வாசலில் இருந்த, பிரதமர் பதவி விலகக் கோரியவர்கள் அமைத்த மைனாகோகம கூடாரங்களை அடித்து நொறுக்கினார்கள். பிறகு காலி வீதி வழியாக நடந்துபோய் காலிமுகத்திடலில் இருந்த ஆர்ப்பாட்டக் கூடாரங்களையும் நொறுக்கினார்கள். அவர்கள் நடந்துபோகும் வழி முழுவதும் பொலிஸ் இருந்தது. அமைதியாகக் கூடியவர்களை மற்றவர்களின் தாக்குதலிலிருந்து காப்பதும் பொலிஸின் கடமைதான். ஐ.நா. மனித உரிமைகள் குழுவின் 2020ஆம் ஆண்டு விளக்கவுரையும் இதையே சொல்கிறது. அன்று குறுக்கே ஓர் அணி உறுதியாக நின்றிருந்தால், அது பலப்பிரயோகமாகவும் இருந்திருக்கும், நிதானமாகவும் இருந்திருக்கும். அன்றிரவு நாடு முழுவதும் பற்றி எரிந்ததைப் பார்த்தோம்.

இராணுவத்தை இறக்குவதும் தீர்வாகாது. படைவீரர் எதிரியை முறியடிக்கப் பழகியவர். 2013 ஓகஸ்ட் 1 அன்று வெலிவேரியாவில் சுத்தமான குடிநீர் கேட்டு வீதிக்கு வந்த மக்களுக்கு முன் இராணுவம் இறக்கப்பட்டது. மூன்று பேர் உயிரிழந்தார்கள்.

பயிற்சி என்றால் எதைப் பழகுவது

ஒருமுறை லிப்டன் சுற்றுவட்டத்தில் வீதித்தடைக்கு இந்தப் பக்கம் நின்றேன். இரண்டு முழம் தூரத்தில் ஒரு கான்ஸ்டபிள், இருபத்திரண்டு வயது இருக்கலாம். தலைக்கவசத்தின் பட்டி நாடியில் சிவப்புக் கோடாகப் பதிந்திருந்தது. முகக்கண்ணாடி அவருடைய மூச்சாலேயே மங்கிப்போக, விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார். கவசத்தகட்டின் அடிவிளிம்பைச் சப்பாத்தின் மேல் ஊன்றியிருந்தார். மதியச் சோற்றுப் பார்சல் ஒரு ஷொப்பிங் பையில், தடைக்கம்பியில் கட்டித் தொங்கியது. அவிழ்க்கவே இல்லை. மணி மூன்றரை. காலை ஐந்து மணிக்கு வந்து இறங்கியதாகச் சிங்களத்தில் சொன்னார். அந்தப் பையனின் நெற்றியில் அந்த நேரம் ஒரு தண்ணீர்ப் போத்தல் பட்டிருந்தால் என்ன செய்திருப்பார்?

பயிற்சி பதில் சொல்லவேண்டியது அந்தக் கேள்விக்குத்தான். பயமும் களைப்பும் சேர்ந்தால் இதயம் வேகமாக அடிக்கும், பார்வை ஒடுங்கும், காது சரியாகக் கேட்காது. புத்தகத்தில் படித்த விதி அந்த நிலையில் ஞாபகம் வராது, உடம்பு பழகியது மட்டுமே வரும். அதனால்தான் நல்ல பயிற்சியில் ஒரு பாதிப் பேர் ஆர்ப்பாட்டக்காரர்களாக நடித்து, தூஷணத்தால் ஏசி, தள்ளி, பொருள் எறிவார்கள். மற்றப் பாதி அணி குலையாமல் நிற்கப் பழகும். எறிந்தவனைத் துரத்தித் தனியே ஓடாமல், கட்டளை வரும்வரை நிற்கப் பழகும். கோபம் ஏறிய கூட்டாளியின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுக்கவும் பழகும். இது ஒரு நாள் கருத்தரங்கில் வராது. நீச்சலைக் கரும்பலகையில் சொல்லிக்கொடுக்க முடியுமா?

மேலதிகாரிக்கு வேறு பாடம். அணியை எத்தனை மணிக்கொருமுறை மாற்றுவது, யாருக்குச் சோறு போகவில்லை, எந்த வீதியைக் கலைபவர்களுக்காகத் திறந்துவிடுவது, ஏற்பாட்டாளரின் தொலைபேசி எண் யாரிடம் இருக்கிறது. யார் எந்தக் கட்டளையை யாருக்குக் கொடுத்தார் என்ற வரிசையைக் கட்டளைச் சங்கிலி என்பார்கள். அது எழுத்தில் இருந்தால், பிறகு விசாரணையில் "யார் சொன்னது என்று தெரியாது" என்ற பதில் வராது.

இதையெல்லாம் விட முந்தியது பேச்சு. சுவீடனில் 2001 ஜூனில் கோதென்பர்க் நகரில் ஐரோப்பிய ஒன்றிய மாநாட்டின்போது பெரும் கலவரம் வெடித்து, பொலிஸ் சுட்டதில் மூவர் காயமடைந்தார்கள். அதற்குப் பிறகு சுவீடன் பொலிஸார் "உரையாடல் பொலிஸ்" என்ற பிரிவை உருவாக்கினார்கள். ஆர்ப்பாட்டத்துக்கு முன்பும் அது நடக்கும்போதும் இரு தரப்புக்கும் நடுவில் நின்று பேசுவதுதான் அந்தப் பிரிவினரின் வேலை. இப்படி மோதல் வெடிக்கும் முன்பே சூட்டைக் குறைப்பதைப் பதற்றம் தணித்தல் என்கிறார்கள்.

பேச்சு என்றால் எந்த மொழியில் என்ற கேள்வி கொழும்பில் உடனே வரும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கோட்டையில் கூடிய ஒரு நாள் எனக்கு நினைவிருக்கிறது. வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த ஓர் அம்மா, மகனின் படத்தைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள், சிங்களத்தில், இரைச்சலுக்கு நடுவே. "தம்பி, என்னவாம்?" என்று என்னைக் கேட்டார். ஐந்து நிமிடத்தில் விலகச் சொல்கிறார்கள் என்றேன். அதைக் கேட்டு, விளங்கி, நான் சொல்லி முடிப்பதற்குள் மூன்று நிமிடம் போயிருந்தது. அந்த அம்மாவைப் பொறுத்தவரை கட்டளையே இடப்படவில்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. கலைந்துபோகச் சொல்லும் அந்த ஒரே வசனத்தையாவது இரு மொழியிலும் பதிவுசெய்து வைத்து ஒலிக்கவிட எவ்வளவு செலவாகும்?

நீங்கள் அங்கே நின்றால்

கண்ணீர்ப்புகை பட்டால் கண்ணைக் கசக்காதீர்கள். காற்று வரும் பக்கமாக, உயரமான இடத்துக்கு நகருங்கள், நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். காயம் பட்டு வைத்தியசாலைக்குப் போனால், எப்படிப் பட்டது என்பதைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள், "விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். நேரம், இடம், தெரிந்தால் உத்தியோகத்தரின் இலக்கம் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்.